லைட்டாத்தான் வரும்க்கா

"லைட்டாத்தான் வரும்க்கா, ஒண்ணும் ஆகாது." பாலக்கோட்டு வரவேற்புக்கு முந்தைய நாள் மாலை, மணப்பெண்ணின் தாயார் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு, கல்யாண வீடியோ எடிட்டரான நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டிருந்தார்: "தம்பி, சின்னவனுக்கு வலிப்பு இருக்குது, மாத்திரை சாப்பிடுறான். பளிச்சு பளிச்சுன்னு வெளிச்சம் வந்தா ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க போடுற படத்துல அந்த மாதிரி ஏதாச்சும் வருமா?" அவர் கேட்ட நேரத்தில், அந்த மாதிரியான ஒன்றுதான் என் கணினியில் ரெண்டர் ஆகி, அதாவது முழுக் காணொளியாக உருவாகிக்கொண்டிருந்தது.

படத்தின் தொடக்கத்தில் மணமக்கள் பெயர் வரும் டைட்டில், பம்பை மேளத்தின் அடிக்கு மின்ன வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். நம் மாவட்டத்தில் பம்பை இல்லாத விசேஷம் ஏது? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் இதைக் கையால் செய்யத் தேவையில்லை. ஆடியோவைக் கீஃப்ரேமாக (எந்தக் கணத்தில் எந்த அளவு என்று குறிக்கும் புள்ளிகளாக) மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், ஒலியின் ஏற்ற இறக்கம் முழுவதும் ஒரு ஸ்லைடரில் எண்களாக வந்து நிற்கும். பெயர் இருக்கும் லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவை, அதனுடன் இணைத்துவிட்டால் அடிக்கு அடி வெளிச்சம் கூடிக் குறையும். அப்படிச் செய்து பார்த்தபோது மினுமினுப்பு மழுங்கலாக இருந்ததால், ஒலி ஓர் அளவைத் தாண்டினால் 100, தாண்டாவிட்டால் 0 என்று எக்ஸ்பிரஷனை, அதாவது இரண்டையும் இணைக்கும் கட்டளை வரியைத் திருத்தினேன். உருட்டி அடிக்கும் கடைசி மூன்று நொடிகளுக்கு அதுவும் போதவில்லை என்று தோன்றவே, அங்கே மட்டும் அளவைச் சட்டென்று மாற்றும் ஹோல்ட் கீஃப்ரேம் வைத்து, ஒரு பிரேம் (காணொளியின் ஒரு தனிப்படம்) வெளிச்சம், ஒரு பிரேம் இருட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். மங்கலமாக இருக்கட்டும் என்று வெள்ளைக்குப் பதில் குங்குமச் சிவப்பைப் போட்டேன்.

நொடிக்கு 25 பிரேம் ஓடும் காணொளியில் இந்த அடுக்கு நொடிக்கு 12.5 முறை மின்னும். ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறைதான்; அன்று 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வலைத்தளங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறி, நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவது ஆபத்து என்கிறது; அடர்ந்த சிவப்பைத் தனியாகவே எச்சரிக்கிறது. இவற்றையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். ஆனால் எனக்குத் தெரியாது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை; ஏனென்றால் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, அவர் என்னிடம் சொல்லவும் செய்தார்.

16 அடி அகல எல்இடி திரைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், மற்றப் பிள்ளைகளோடு அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு 13 வயது. டைட்டில் ஓடும்போதே விழுந்தான் என்று திரையை இயக்கியவர் சொல்கிறார். இல்லை, அது முடிந்து டிஜே விளக்குகள் சுழலத் தொடங்கிய பிறகுதான் என்கிறார் பையனின் தாய்மாமன். நான் அப்போது கன்சோலுக்கு அருகே குனிந்து பென் டிரைவைத் தேடிக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் அவனுக்குத் தெளிந்துவிட்டது. தருமபுரிக்குக் கூட்டிச்சென்று காட்டிவிட்டு வந்தார்கள். காலையில் முகூர்த்தத்தில் அக்காவின் பக்கத்தில் நின்றான்.

என் பக்கத்து நியாயங்களை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வலிப்பு உள்ள 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்குத்தான் மின்னும் ஒளியால் வலிப்பு வருகிறது. முந்தைய இரவு அவன் உறவுக்காரப் பிள்ளைகளோடு விடிய விடிய விழித்திருந்தான். தூக்கமின்மையே வலிப்பைத் தூண்டப் போதுமானது. டிஜே விளக்குகளை நான் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த 3 பேரில் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினருமே அதிகம் என்பதும் அந்தக் கணக்கை நான் படித்த அதே இடத்தில்தான் எழுதியிருக்கிறது. தவிர, நான் ஒன்றும் ஆகாது என்று சொன்னதால்தானே அவர் பையனை முன்வரிசையில் உட்கார விட்டார்? "அந்த நேரம் அவனைப் பின்னால உட்கார வைங்கக்கா, இல்லேன்னா ஒரு கண்ணை உள்ளங்கையால நல்லா மூடிக்கச் சொல்லுங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு கண்ணை முழுதாக மூடினால் ஆபத்து குறைகிறது. ரெண்டரை நிறுத்தித் திருத்துவதற்கு அரை மணி நேரம் கூடப் பிடித்திருக்காது.

அவர் ஏன் குரலைத் தாழ்த்தினார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. கல்யாண வீட்டில், சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும் நேரத்தில், பெண்ணின் தம்பிக்கு வலிப்பு என்பது வெளியில் சொல்லக்கூடிய செய்தியா? இந்து திருமணச் சட்டத்தின் நிபந்தனைகளிலேயே வலிப்பு என்ற சொல் 1999 வரை இருந்தது. சட்டத்திலிருந்து போனது ஊரின் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாததை, முகம்கூடச் சரியாகத் தெரியாத எடிட்டரிடம் ஒரு தாய் சொல்லியிருக்கிறார். நான் வேலையை முடிக்கும் அவசரத்தில் பதில் சொன்னேன்.

இப்போது நான் 9 பிரேமுக்கு ஒரு முறைக்கு மேல் மின்ன விடுவதில்லை. கணக்குப்படி நொடிக்கு 2.8 முறைக்கும் குறைவு. சிவப்பைத் தொடுவதில்லை. அப்படி எழுதிவிட்டேனே தவிர, போன தை மாதம் ஒருவர் மூன்று முறை திருப்பி அனுப்பி "செத்த மாதிரி இருக்குது" என்றபோது 6 பிரேமுக்கு இறங்கினேன். அதற்கு முன்பு, வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று அவரிடம் கேட்டேன். "நல்ல காரியத்துல கேக்கற கேள்வியா இது?" என்று சத்தம் போட்டார். முதலாளி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை; கேட்டுவிட்ட தைரியத்தில் 6 பிரேமுக்கு இறங்கியதுதான் தப்போ என்று தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வாங்க அந்த அம்மா கடைக்கு வந்தார். "பையன் வீடியோ பாக்கணும்ங்கிறான் தம்பி, அந்த மொதல்ல வர்றதை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க" என்றார். அவர் எதிரிலேயே டைம்லைனைத் திறந்து அந்த இடத்தை வெட்டி எடுத்தேன். ஏற்றுமதி முடியும்வரை அவர் நாற்காலியில் காத்திருந்தார். நான் எதுவும் கேட்காதபோதே, "தூங்காம கெடந்ததாலதான் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றார். மருத்துவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, அல்லது எனக்காக அந்த அம்மாவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. "ஆமாங்க்கா" என்று சொல்லிப் பென் டிரைவைக் கையில் கொடுத்தேன்.