அப்பாவின் இமை இறங்கிய வாரம்

அப்பாவுக்கு வலது கண்ணுக்குப் பின்னால் நாலு நாளாகக் குடைச்சல். ஐந்தாம் நாள் இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போய்த் திரும்பியபோது அந்த இமை பாதி இறங்கியிருந்தது, மாலைக்குள் முழுக்க மூடிவிட்டது. புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில், "சர்க்கரை இருக்கில்ல, அதனாலதான், மூணு மாசத்துல சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சர்க்கரையால் கண் நரம்பு செயலிழப்பதும், மூன்று மாதத்தில் பெரும்பாலும் திரும்புவதும் உண்மைதான். ஆனால் அது வழக்கமாக ஒரு நரம்பைத்தான் பிடிக்கும். கண்ணை அசைப்பவையோ மூன்று: மூளை நரம்புகளில் 3, 4, 6. இமையைத் தூக்குவதும் மூன்றாவதுதான். அன்று இரவு அப்பாவின் இமையை விரலால் தூக்கி, "இங்க பாருங்கப்பா, இந்தப் பக்கம் பாருங்க" என்றேன். கண் எந்தப் பக்கமும் நகரவில்லை, அப்படியென்றால் மூன்று நரம்புமே போயிருந்தன. விளக்கு இரண்டாகத் தெரியுது என்றார். இமை மூடியிருந்ததால் அதுவரை அது தெரியவே இல்லை. உடனே டாக்சி, அவசரப் பிரிவு.

அங்கே டாக்டர் கண் பாப்பாவில் டார்ச் அடித்துப் பார்த்தார், அப்புறம் பஞ்சால் நெற்றியைத் தொட்டார். வலப்பக்கம் மரத்திருந்தது. நெற்றி உணர்வு நரம்பும் அந்த மூன்றும் ஒன்றாகச் செல்லும் இடம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் குகைக்குழிவு, கோளாறு அங்கேதான் என்றார். எம்ஆர்ஐ, ரத்தக்குழாய்க்கு சிடி, மூக்குக்குள் கேமரா. ரத்தக்குழாய் வீக்கம், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தக்கசிவு, இங்கே சீனர்களிடம் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய், சர்க்கரைக்காரர்களைத் தாக்கும் கரும்பூஞ்சை, எல்லாவற்றையும் விலக்கிய பிறகே ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பூஞ்சையாக இருந்து ஸ்டீராய்டு போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியில் அந்தக் குழிவில் வரும் டொலோசா-ஹண்ட் என்ற அழற்சி என்றார்கள். வலி இரண்டே நாளில் போனது. ஸ்டீராய்டால் சர்க்கரை எகிறியதால் சில வாரம் இன்சுலின். இமை ஏற ஏற இரட்டைப் பார்வை வெளியே வந்தது, அதுதான் அப்பாவை ரொம்பப் படுத்தியது. முதலில் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் டேப், பிறகு இரண்டு காட்சியையும் ஒன்றாக்க அதில் ஒட்டும் பிரிசம். ஆறு மாதத்துக்கு மேலும் கண்ணின் கோணல் மாறாமல் நின்றால்தான் தசை அறுவை சிகிச்சை. இமைக்கு எதுவும் செய்வதென்றாலும் அதற்குப் பிறகுதான்.

இப்போது நாலாவது மாதம். எம்ஆர்டி ரயில் நிலையப் படி இறங்கும்போது மட்டும் படி இரண்டாகத் தெரிகிறதாம், என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். இது திரும்பவும் வரக்கூடியது என்பதால் அடுத்த மாதம் மறுபடி எம்ஆர்ஐ.