பத்தாயம் வற்றாத வீடு: பதினோரு மாத எழுத்துக் குறிப்பு

சென்ற ஆவணியில் ஒரு நாவல் எழுதத் தொடங்கினேன். இப்போது ஆடி. பன்னிரண்டு அத்தியாயங்கள் நிற்கின்றன. கிழித்துப் போட்டவை அதைவிட அதிகம். இருபதில் முடியும் என்று நினைக்கிறேன். இதுவரை நடந்ததை எழுதி வைத்துக்கொண்டால் மீதியை எழுதுவதற்குத் தெம்பாக இருக்கும்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1952, நந்தன வருஷம், ஆவணி மாதம். கணக்குப்பிள்ளை ஒருவரின் மகள் வேதவல்லி, மாயவரத்தில் வண்டி மாறித் தரங்கம்பாடித் தடத்தில் ஒரு சிறு நிலையத்தில் இறங்குகிறாள். அங்கிருந்து வில்வண்டியில் வீரசோழனாற்றங்கரையில் உள்ள பண்ணை வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். அந்த வீட்டில் நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம் எந்த மாதத்திலும் வற்றுவதில்லை. அவளுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்த ஒருத்தியின் பெயரை வீட்டில் எவரும் சொல்வதில்லை. மாயம் ஒன்று, மர்மம் ஒன்று. இரண்டும் ஒரே சுவருக்குப் பின்னால் இருக்கின்றன.

எனக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பகலெல்லாம் ‘கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி’ என்று மனையின் நீள அகலம் எழுதும் கை, இரவு ஒன்பதரை மணிக்கு மேல் வேதவல்லியை எழுதுகிறது. இரண்டும் வெவ்வேறு வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதல் நான்கு மாதம் வீணாகப் போயிற்று. பழைய வீடும் மர்மமும் பயமும் சேர்ந்த, ஆங்கிலத்தில் ‘கோதிக்’ என்று சொல்லும் இந்த வகைக் கதை 1764-இல் இங்கிலாந்தில் ஒரு கோட்டையை வைத்து எழுதப்பட்ட நாவலிலிருந்து கிளைத்து வந்தது. கோட்டை, மூடுபனி, ஆந்தை, கையில் மெழுகுவத்தியுடன் நீண்ட நடையில் தனியாக நடக்கும் பெண் என்று எல்லாவற்றையும் நானும் இங்கே கொண்டுவந்து இறக்கினேன். எங்கள் ஊரில் மலை கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் அடிவானம் வரை வயல். ஆவணியில் பனிக்கும் வழி இல்லை. ஆனாலும் விடாமல் ஆறு அத்தியாயம் எழுதி, பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெரியம்மா 1960-களில் ஒரு பண்ணை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“இந்தப் பெண்ணுக்கு யார் இவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?”

எனக்குப் புரியவில்லை.

“புது மருமகள் என்றால் அவளைச் சுற்றிப் பதினைந்து பேர் இருப்பார்கள். மாமியார், ஓரகத்தி, நாத்தனார், வந்து தங்கிய அத்தைப் பாட்டி, சமையலுக்கு ஒருத்தி. மூன்று மாதம் வரை நான் தனியாக ஒரு வாய் காபிகூடக் குடித்ததில்லை. உன் வேதவல்லி ராத்திரியில் மச்சுப்படி ஏறி இறங்குகிறாளே, யாருமே ‘எங்கே அம்மா போகிறாய்’ என்று கேட்கமாட்டார்களா?”

அன்றிரவு அந்த ஆறு அத்தியாயத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். பெரியம்மா சொன்னதில் வேறொன்றும் இருந்தது. அது பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. தனிமையில் வரும் பயத்தை நான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வீடுகளில் ஒரு பெண்ணுக்கு நேர்வது கூட்டத்துக்கு நடுவில் வரும் பயம். பதினைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து பேருக்கும் ஒரு விஷயம் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

அப்படியானால் அவள் எப்போது துப்புத் துலக்குவாள்? மறுபடி பெரியம்மாவிடம் போனேன். அவர் தயங்காமல் சொன்னார்: “வீட்டுக்கு விலக்கான மூன்று நாள். அப்போதுதான் என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.”

நாவலின் முதுகெலும்பு அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்தது. மாதத்தில் மூன்று நாள் வேதவல்லி கொல்லைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். எவரும் அருகில் வருவதில்லை. வீட்டை அதன் முதுகுப்பக்கத்திலிருந்து, பட்டப்பகலில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஜன்னல்களை எண்ணலாம். சுவரை அளக்கலாம். அவளைத் தள்ளி வைத்த வழக்கமே அவளுக்குக் கண்ணைக் கொடுக்கிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று நான்கு மாதத்துக்கு நான்கு முறை. நாவலை நான்கு பாகமாக அப்போதே பிரித்துவிட்டேன்.

அளப்பது என்றதும் என் தொழில் உள்ளே வந்துவிட்டது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் வீட்டை அறை அறையாகப் பிரித்து எழுதியிருப்பார்கள்: திண்ணையில் யாருக்கு எவ்வளவு, முற்றம் பொது, கொல்லைக் கிணற்றில் இருவருக்கும் பாத்தியம், இன்ன சுவர் பொதுச்சுவர். வீட்டின் வெளி அளவும் உள் அளவும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? வேதவல்லி கணக்குப்பிள்ளை மகள். அவளிடம் அளவுகோல் கிடையாது, முழங்கை இருக்கிறது. வெளிச்சுவர் நாற்பத்தொரு முழம், உள்ளே முப்பத்து நான்கு என்று எழுதினேன். ஏழு முழம் காணோம். அங்கேதான் மறைந்த அறை!

எழுதிய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. தாத்தா வீட்டை நானே முழம் போட்டுப் பார்த்தேன். வெளியே முப்பது முழம். உள்ளே அறைகளை எல்லாம் கூட்டினால் இருபத்தாறரை. மூன்றரை முழம் எங்கே போயிற்று என்று ஒரு கணம் எனக்கே திக்கென்றது. எங்கேயும் போகவில்லை. சுவர்கள் தின்றுவிட்டன. ஒன்றரை அடிச் சுவர் நான்கு என்றால் ஆறு அடி, அதாவது நான்கு முழம். என் முழங்கைக் கணக்கில் அரை முழம் பிசகு. நான் எழுதியிருந்த ஏழு முழத்தையும் பண்ணை வீட்டின் தடித்த சுவர்களே விழுங்கியிருக்கும். மறைந்த அறைக்கு இடமே இல்லை!

மாற்றி எழுதினேன். வெளியே அறுபது, உள்ளே நாற்பத்தேழு. பதின்மூன்று முழம் குறைகிறது. இரண்டடிச் சுவர் ஐந்துக்கு ஆறே முக்கால் முழம் போக, ஆறேகால் முழம் மிஞ்சும். ஒன்பதடிக்குச் சற்று மேல். ஓர் அறைக்குத் தாராளம். கதையில் வேதவல்லியும் முதல் மாதம் சுவர்களை மறந்துவிடுகிறாள். இரண்டாம் மாதம் தன் தவறு புரிந்து வெட்கப்பட்டு விட்டுவிடுகிறாள். மூன்றாம் மாதம், சுவரைக் கழித்த பிறகும் கணக்கு இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். நான் பட்ட பாடு அப்படியே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அடுத்தது அந்தப் பெயர். முன்னால் வந்த மருமகள் ஒருத்தி இருந்தாள் என்பது வேதவல்லிக்கு எப்படித் தெரியும்? பரணில் கடிதக்கட்டு கிடைக்கிறது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மறைக்க நினைக்கும் வீடு கடிதத்தை விட்டு வைக்குமா? பங்குனியில் கும்பகோணத்தில் பழைய பித்தளையை எடைக்கு வாங்கி விற்கும் ஒரு கடைக்குப் போனேன். சீர்ப் பாத்திரங்களில் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக உளியால் கொத்தியிருப்பார்கள் அல்லவா, அதைப் பார்க்கத்தான். அங்கே ஒரு தவலை. கழுத்துக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அரம் வைத்துத் தேய்த்த வடு, மற்ற இடத்தைவிடச் சற்று வெளிறி இருந்தது. கடைக்காரர் எடை போட எடுத்தபோது வாங்கி, உள்ளே கையை விட்டேன். வெளியே தேய்த்திருக்கிறார்கள், உள்ளே தேய்க்கவில்லை. கொத்திய ஒவ்வொரு புள்ளியும் உட்புறம் சிறு முள்ளாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. விரலால் தடவினேன். எழுத்துகள் இடம் வலம் மாறி வந்தன. ஒரு ‘ம’, ஒரு கொம்பு, அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. யாரோ ஒருத்தி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

இரண்டே முக்கால் கிலோ. வாங்கி வந்துவிட்டேன். எழுதும் மேசைக்கு அடியில் இருக்கிறது.

நான்காம் அத்தியாயத்தில் வேதவல்லி கிணற்றடியில் புளியும் சாம்பலும் போட்டுத் தவலை தேய்க்கிறாள். உள்ளே விட்ட கையில் ஏதோ நெருடுகிறது. அன்றிலிருந்து தேய்க்கும்போதெல்லாம் ஓர் எழுத்து, ஓர் எழுத்தாகச் சேர்க்கிறாள். பக்கத்திலேயே மாமியார் உட்கார்ந்திருக்கிறார். “இவ்வளவு பொறுப்பாகத் தேய்க்கிறாயே அம்மா” என்று பாராட்டுகிறார். இருட்டோ ஆந்தையோ இல்லாமல், வெயிலில், கிணற்றடியில், என் கை நடுங்கி நான் எழுதிய காட்சி அது. கடைசியில் வரும் பெயர் கோமளம்.

மாயத்தைப் பற்றி ஒன்று. ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன்: அந்த வீட்டுப் பத்தாயத்தில் எவ்வளவு அள்ளினாலும் நெல் குறையாது. குறுவை அறுவடைக்கு முன்னால் ஊரில் அத்தனை குதிரும் அடிதட்டிக் கிடக்கும் ஆவணியிலும் அது நிறைந்திருக்கும். அதற்குக் கொடுத்த விலைதான் கதை. இதை முதலில் அறிந்தவர்கள் வீட்டுக்காரர்கள் இல்லை, களத்தில் நெல் அளந்து போட்ட பண்ணையாட்கள். இத்தனை கலம் உள்ளே போயிற்று, இத்தனை கலம் வெளியே வந்தது என்பது அளந்த கைக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால்தான் காலத்தை 1952 என்று வைத்தேன். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது அந்த ஆகஸ்டில். ஒரு வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தலைமுறையாக வாய் திறக்காதவர்களுக்குப் பேச ஒரு பிடி கிடைத்த நேரம். வேதவல்லியிடம் முதல் உண்மையைச் சொல்வது நெல் தூற்றும் ஒரு கிழவிதான். அந்தக் கிழவியை இன்னும் சரியாக எழுதவில்லை. மருமகளுக்கு உதவ வந்தவளாக மட்டும் நிற்கிறாள். அவளுக்கும் அந்த வீட்டோடு தீர்க்க ஒரு கணக்கு இருக்க வேண்டும். ஒன்பதாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதப் போகிறேன்.

பத்தாயத்துக்குள் இறங்கியும் பார்த்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் பழைய வீட்டைப் பிரிக்கப் போகிறார். அவருடைய அனுமதியுடன், வைகாசியில் ஒரு மத்தியானம், ஏணி வைத்து மேல்வாய் வழியாக இறங்கினேன். பலகைகளை அடுக்கடுக்காகக் கோத்த பெரிய பத்தாயம். நெல் போய் எத்தனை வருடமோ, ஆனால் வாசனை போகவில்லை. பழைய நெல்லின் தூசு, காய்ந்த நொச்சி இலை, உளுத்த மரம். சில நிமிடங்களில் கழுத்தெல்லாம் சுணை அரிக்கத் தொடங்கியது. கீழே நெல் எடுக்கும் சிறு கதவின் இடுக்கில் விரல் அளவுக்கு வெளிச்சம். வெளியே நின்ற பெரியம்மா பலகையைத் தட்டினார். தட்டிப் பார்த்தே எவ்வளவு நெல் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். உள்ளே எனக்கு அது நெஞ்சில் தட்டியது போல் கேட்டது. நான் பதிலுக்கு உள்ளிருந்து தட்டினேன். வெளியே வந்தபோது பெரியம்மாவின் முகம் மாறியிருந்தது. “திருப்பித் தட்டாதே, கேட்க நன்றாக இல்லை” என்றார்.

அது பதினோராம் அத்தியாயத்தின் கடைசி வரி ஆயிற்று. மாமியார் வழக்கம்போல் பத்தாயத்தைத் தட்டுகிறார். உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டுகிறார்கள்.

புயலை மட்டும் முன்கூட்டியே எழுதியிருந்தேன். 1952 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடந்த புயல். வீட்டின் மேல்சுவர் இடிந்து மறைந்த அறை வெளிப்படுவது அன்றுதான். ‘அமாவாசைக் கும்மிருட்டு’ என்று எழுதிவிட்டுப் பிறகு தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அடுத்த ஓரிரு நாளில் பௌர்ணமி. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய நாள்! இருட்டை அழித்தேன். இப்போது மேகத்துக்குப் பின்னால் நிலா இருக்கிறது. வானம் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். தென்னை சாய்வது, ஓடு பறப்பது, சுவர் வாய் பிளப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தீபத்துக்காக வாங்கி வைத்த அகல்கள் தாழ்வாரத் தண்ணீரில் மிதக்கின்றன.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை நேற்று இரவு பாதியில் நிறுத்தினேன். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். விலக்கான நாள் என்று பொய் சொல்லி வேதவல்லி தங்கிவிட்டாள். உள்ளே வரக்கூடாதவள் உள்ளே வந்து, நெல் அளக்கும் மரக்காலைக் கீழே வைத்துவிட்டு, பத்தாயத்தின் சிறு கதவை மேலே தூக்குகிறாள். நெல் சரியவில்லை.