தோசைக்கல் பீட்சா

"என் பக்கம் கொஞ்சம் இட்லிப் பொடி தூவு" என்றார் அத்தை. பீட்சா வாசனையே பிடிக்காமல் ஹாலுக்கு எழுந்து போகிறவர்!

இத்தாலியின் நேப்பிள்ஸில் விறகடுப்புச் சூடு 430 டிகிரிக்கும் மேல்; ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் 250-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். அதனால் எனக்கு இரும்பு தோசைக்கல்தான்.

மதியமே ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு சாயங்காலம் இரண்டு மடங்காக உப்பியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி மெல்ல மேலே வந்தது. கைக்கே பிடித்துப் போய், சும்மாவே நாலு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

கல் நன்றாகக் காய்ந்ததும் மாவு. அடி சிவந்ததும் திருப்பி, சிவந்த பக்கத்தில் தக்காளி விழுது, சீஸ். தீயைக் குறைத்து மூடி. அவ்வளவுதான்.

கடையில் வாங்கினால் பிள்ளைகள் கேட்பதுதான் வரும், பெரியவர்கள் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்று ஒரே வட்டத்தில் சின்னவனுக்கு வெறும் சோளம், இவருக்கு வெங்காயம் குடமிளகாய், அத்தைக்குப் பூண்டும் பொடியும்.

அடுத்த தடவை சுண்டைக்காய் வற்றல் போடலாமா என்று கேட்கிறார்.

போடுங்க அத்தை, உங்க பக்கம்தானே!