ஏழு நிமிடப் பேச்சை வாயால் தயாரிப்பது எப்படி?

தாளில் எழுதி முடித்ததும் பேச்சு தயார் என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் வாக்கியம் வாய்க்கு வராது. "இச்சூழலில் உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டிய நடவடிக்கைகளாவன" என்பதை உரக்கப் படித்துப் பாருங்கள், நாக்கு இடறும். "இப்போது நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒவ்வொரு வரியையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரே மூச்சில் முடியாத வரியை இரண்டாக வெட்டுங்கள்.

நீளத்திலும் ஏமாறக் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 130 சொல் என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 90 சொல். ஏழு நிமிடத்துக்கு 600 சொல்லைத் தாண்டினால் கடைசிப் பத்தியில் மூச்சிரைக்க ஓட வேண்டியிருக்கும். போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து எண்ணினால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் நேரத்தைக் காட்ட நல்ல ஏற்பாடு உண்டு. ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சில் ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. போட்டி என்றால் ஏழரை நிமிடத்தைத் தாண்டியவர் தகுதி இழப்பார். வீட்டில் போன் டைமரை இதே போல வையுங்கள். மஞ்சள் நேரத்தில் முடிவுரையைத் தொட்டிருக்க வேண்டும்.

நம் மேடைகளில் நேரத்தைத் தின்பது விளிகள். தலைவர், முன்னிலை, சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை வழங்கியோர் என்று ஒவ்வொருவரையும் அடைமொழியோடு அழைத்தால் ஒரு நிமிடம் போய்விடும். சபை சுறுசுறுப்பாகக் கவனிப்பது அந்த முதல் நிமிடத்தில்தான்! தலைவருக்கு ஒரு வணக்கம், அவைக்கு ஒரு வணக்கம் போதும். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒன்று நழுவினால் எல்லாம் நின்றுவிடும். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், ஏனென்றால் படபடப்பு உச்சத்தில் இருப்பது ஏறி நின்ற முதல் சில நொடிகளில். நடுவில் உள்ளதற்கு அஞ்சலட்டை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் ஐந்து சொற்கள் போதும். மறந்துவிட்டால் கடைசியாகச் சொன்னதை வேறு சொற்களில் ஒரு முறை சொல்லிக்கொண்டே அட்டையைப் பாருங்கள். நீங்கள் எழுதிய தாள் கேட்பவர் கையில் இல்லை.

ஒத்திகையை வீடியோ எடுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுக் கைகளையும் கண்களையும் மட்டும் கவனியுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள். "வந்து", "பார்த்தீங்கன்னா", "அதாவது" எத்தனை என்று கோடு போடுங்கள். அவை வரும் இடத்தில் உதட்டை மூடிக்கொள்வதுதான் மருந்து. அந்த மௌனம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும், கேட்பவருக்குத் தோன்றாது.

கை மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்தால் 'ப' வரும்போது காற்று அடிக்காது. வலைத்தலையைக் கையால் பொத்தினாலோ ஸ்பீக்கர் பக்கம் திருப்பினாலோ கீச்சென்று அலறும். தட்டியும் ஊதியும் சோதிக்காமல், வணக்கம் சொல்லிச் சோதியுங்கள்.

ஸ்லைடு உண்டென்றால் எழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாக மாறிவிடும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது 'பி' விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும், மீண்டும் தட்டினால் திரும்ப வரும். முக்கியமானதைச் சொல்லும் நேரத்தில் திரையை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.