காப்பி மலை நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

காலை எட்டரைக்கு லோரோங் ஹல்வா முனையில் இறங்கினேன். முப்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வாழ்ந்தும் புக்கிட் பிரவுன் இடுகாட்டின் பழைய இரும்பு வாயிலை இன்றுதான் பார்க்கிறேன். வட்டப் பாதை ரயிலில் பூமலைக்கும் கால்டிகாட்டுக்கும் நடுவே இதே பெயரில் ஒரு நிலையத்தின் கூடு மட்டும் கட்டித் திறக்காமல் கிடக்கிறது. ரயில் நிற்காமல் கடந்துவிடும். நானும் இத்தனை காலம் அப்படியே கடந்து போயிருக்கிறேன்.

எங்களை அழைத்துச் சென்றவர் எழுபது வயதைத் தாண்டிய தன்னார்வலர். எல்லோரும் அவரை அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். இடுகாட்டைச் சுற்றிக் காட்டும் இந்த நடைகளுக்குக் கட்டணம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற வணிகர் இந்த மலையை வாங்கிக் காப்பி பயிரிட்டுப் பார்த்ததால் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களுக்கு இது ‘கோப்பி சுவா’, காப்பி மலை. 1922இல் சீனர்களுக்கான நகராட்சி இடுகாடாகத் திறந்து, 1973இல் மூடியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள்.

ஒவ்வொரு கல்லறையும் கை வைத்த நாற்காலி போல வளைந்து, முன்னால் ஒரு முற்றத்தோடு இருக்கிறது. பக்கத்திலேயே மண் தெய்வத்துக்குச் சிறிய பீடம். எல்லைச்சாமி இல்லாத ஊர் ஏது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நின்றிருந்தார். “சாவு வீட்டுக்குப் போனாலே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். நீ சுடுகாட்டைச் சுற்றிப் பார்க்கவே போயிருக்கிறாய்!” நான் மறுபேச்சுப் பேசவில்லை. காலைக் கழுவிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனேன்.

மார்ச் 6, வியாழன்

இந்த இடுகாட்டின் அடக்கப் பதிவேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இரவு வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, நாள் என்று வரிசை வரிசையாகக் கையெழுத்து. குழந்தைகளின் வயதைப் பார்க்க நேர்ந்ததும் மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் நடை. இன்று பார்த்ததில் பாதி எனக்கு முன்பே தெரிந்த பெயர்கள். ஆட்கள் என்று தெரியாது, அவ்வளவுதான். பூன் லே என்றால் எனக்கு ரயில் நிலையம். அது சியூ பூன் லே என்ற மனிதரின் பெயர், அவர் இங்கே படுத்திருக்கிறார். ஜூ சியாட் என்றால் சாலை. அந்தச் சியூ ஜூ சியாட்டும் இங்கேதான். இடுகாட்டை ஒட்டி ஓடும் கியாம் ஹாக் சாலைக்குப் பெயர் கொடுத்த டான் கியாம் ஹாக், இந்த இடுகாடு அமையவே பாடுபட்டவர்.

பிறகு சியூ கியோக் லியோங்கின் கல்லறை. அதன் இரு பக்கமும் ஆள் உயரத்தில் இரண்டு சீக்கியக் காவலர்கள் நிற்கிறார்கள். தலைப்பாகை, தாடி, சீருடை, கையில் ஆயுதம், மேலே வண்ணப் பூச்சு. ஒருவரின் காலணி அருகே குனிந்து பார்த்தேன். முனையில் பூச்சு உரிந்து சிமெண்ட் தெரிந்தது. அந்தப் பொத்தலில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சீக்கியர்கள் 1881 முதல் இங்கே காவல் படையில் இருந்தவர்கள். பின்னாளில் வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் ‘ஜாகா’ என்று காவலுக்கு நின்றவர்களும் அவர்களே. உயிரோடு இருந்தபோது நம்பிய காவலையே இறந்த பிறகும் வைத்துக்கொள்ளச் சீனர்கள் விரும்பியிருக்கிறார்கள். சீனக் கல்லறையில் இந்தியக் காவலர்! இந்த ஊரின் கதையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சிலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அங்கேயே அங்கிளிடம் கேட்டுவிட்டேன்: “தமிழில் ஒரு நடை நடத்தலாமா?” அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். “முதலில் பாதையைப் பழகு. மழை பெய்தால் எந்தப் படி வழுக்கும் என்று தெரியாமல் யாரையும் கூட்டி வராதே” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

வழி பழகும் நாள். லோர்னி நெடுஞ்சாலையின் இரைச்சல் மரங்களைத் தாண்டிக் கேட்கிறது. 2011இல் அந்தச் சாலைத் திட்டத்தை அறிவித்தார்கள். சுமார் 4,000 கல்லறைகள் தோண்டப்பட்டன. அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் ஆர்வலர்கள் திரண்டு வாரம் தவறாமல் மக்களை அழைத்துவரத் தொடங்கினார்கள். ஆபத்திலுள்ள மரபிடங்களைக் குறிக்கும் 2014ஆம் ஆண்டுக்கான உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலில் இந்த மலையும் இடம்பெற்றது. சாலை நிற்கவில்லை. ஆனால் நடையும் நிற்கவில்லை.

தோழி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள், “இறந்தவர்களை வேடிக்கை பார்ப்பது தவறில்லையா?” நியாயமான கேள்வி. இரவில் விளக்கை அணைத்துப் பேய்க்கதை சொல்லும் நடைகள் எனக்கும் பிடிக்காது, அவற்றுக்கு நான் போகமாட்டேன். ஆனால் யாரும் வராத கல்லறை முதலில் புல்லுக்குப் போகிறது, பிறகு மரத்துக்கு, கடைசியில் திட்ட வரைபடத்துக்கு. வேர் பிளந்து இரண்டாகக் கிடந்த ஒரு கல்லறைக் கல்லை இன்று பார்த்தேன். எழுத்திருந்த பாதி மண்ணைப் பார்த்துக் கிடந்தது.

மார்ச் 23, ஞாயிறு

ஓங் சாம் லியோங் கல்லறை. இடுகாட்டிலேயே பெரியது. கிறிஸ்மஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்பிச் செல்வம் சேர்த்தவர், 1918இல் இறந்தார். பெற்றோரைப் பேணிய இருபத்து நால்வரின் கதைகளை இங்கே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் ஒரு சிறுவன் வருகிறான். கொசு அப்பா அம்மாவைக் கடிக்காதிருக்க, தன் சட்டையைக் கழற்றி உடம்பைக் கொடுக்கிறான். அங்கிள் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்களையும் கொசு பிடுங்கியெடுத்தது. ஒருவரும் நகரவில்லை.

இறங்கி வரும் வழியில், பாதையோரம் முழங்கால் உயரக் கல் ஒன்று. அங்கிள் புட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் தெளித்தார். உலர்ந்த கல்லில் காணாத எழுத்து, நனைந்ததும் இருண்டு மேலே வந்தது. முதலில் இரண்டு கோடு, அடுத்து ஆறு என்ற எழுத்து, பிறகு ஒரு வட்டம், மறுபடி இரண்டு கோடு. 2602. ஜப்பானியப் பேரரசுக் கணக்கு. நம் கணக்கில் 1942. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து, ஊரின் பெயரையே சியோனான் என்று மாற்றிய காலத்தில், இறந்தவரின் ஆண்டையும் மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கிறது.

அது ஒரு பெண்ணின் கல்லறை. கணவரின் குடும்பப் பெயர், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், அதற்கு மேல் இல்லை. அவளுக்கென்று வைத்த பெயர் கல்லில் இல்லை. ஓரத்தில் மகன்கள், மகள்களின் பெயர்கள் உண்டு.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். “பெயரே இல்லாமலா?” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிங் மிங் வாரம், சீனர்கள் முன்னோரின் கல்லறைகளுக்கு வந்து வணங்கும் காலம். இது குடும்பங்களின் நாள், எங்கள் நாள் அல்ல. அதனால் ஓரமாக நின்று பார்த்தேன். மண்வெட்டியும் அரிவாளுமாகப் புல் வெட்டுகிறார்கள், பழமும் தேநீரும் படைக்கிறார்கள், சிவப்பு மசியெடுத்து மங்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாக நிரப்புகிறார்கள். முடிந்ததும் வண்ணக் காகிதங்களைக் கல்லறை மேட்டில் பரப்பிச் சிறு கற்களை மேலே வைக்கிறார்கள். வந்து போனோம் என்பதற்கு அடையாளம் அது.

2602 கல்லறையில் காகிதம் இல்லை. கீழே சிதறிக் கிடந்த ஒன்றை எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். அங்கிள் தலையசைத்து மறுத்தார். “அது பிள்ளைகளின் வேலை. நாம் படிக்கலாம். அது நமக்கு உண்டு.”

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் தமிழ் நடை. பதினொரு பேர். இரவு பெய்த மழையில் நான் குறித்து வைத்திருந்த மூன்றாம் படி வழுக்கியது. ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கினேன்.

சீக்கியக் காவலர்களிடம் வந்ததும் நடுகல் பற்றிப் பேசினேன். வில்லோடும் வாளோடும் வீரனைக் கல்லில் நிறுத்தி வணங்கிய நமக்கு, கல்லறை வாசலில் ஆயுதத்தோடு நிற்கும் உருவம் புதிதல்ல. ஓய்வுபெற்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார், “என் அப்பாவும் துறைமுகத்தில் காவலாளிதான். அவருக்கு எங்கேயும் சிலை இல்லை.” எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. அவரே அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கால்மணி நேரம் பேசினார். கல்லறைகளில் பதித்த ஓட்டு வேலைப்பாடு பற்றி நான் எழுதி வைத்திருந்த பகுதியை அப்படியே விட்டுவிட்டேன்.

2602 கல்லில் தண்ணீர் தெளித்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் முன்னால் குந்தி, நான் சொல்லிக் கொடுத்தபடி விரல் வைத்துப் படித்தான். இரண்டு, ஆறு, வட்டம், இரண்டு. பிறகு அந்த இரண்டு குடும்பப் பெயர்களையும், பிள்ளைகளின் பெயர்களையும் நான் படிக்க எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். உச்சரிப்பு சரியில்லைதான். பின்னால் நின்ற அங்கிள் ஒரே ஒரு பெயரை மட்டும் திருத்தினார்.

வீட்டு வாசலில் வாளி தயாராக இருந்தது. அம்மா என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“அந்த அம்மாவுக்கு யாராவது காகிதம் வைத்திருந்தார்களா?”

“இல்லை அம்மா.”

இன்னொரு குவளை மொண்டு ஊற்றினார்.