தீர்த்தமலையில் அப்பாவின் செம்பு

தந்தை இறந்தால் ஓராண்டு காலம் மலைக்கோயில் ஏறுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஐப்பசியில் அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதியைக் கொடுத்து முடித்த பிறகு, கார்த்திகை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்றுதான் நான் மீண்டும் தீர்த்தமலைக்குப் புறப்பட்டேன். தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த மலைக்கு, நான் சிறுவனாக இருந்த காலந்தொட்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பாவோடு சென்றிருக்கிறேன். அவர் இல்லாமல் சென்றது இதுவே முதல் முறை.

அப்பா மரவள்ளி பயிரிட்ட சிறு விவசாயி. காலையில் காட்டு வேலையை முடித்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கெல்லாம் ஊர்ப் பொட்டலில் பிள்ளைகளுக்குக் கபடி கற்றுக்கொடுக்க நின்றுவிடுவார். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. களம் அளப்பதற்கென்றே முடிச்சுகள் போட்ட ஒரு தேங்காய்நார்க் கயிறு வைத்திருந்தார். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு முடிச்சு, அங்கிருந்து 1 மீட்டர் தள்ளி, கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டுக்கு இன்னொரு முடிச்சு. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களத்தை அந்தக் கயிற்றை வைத்து அளந்து, சுண்ணாம்புப் பொடியை விரலிடுக்கில் ஒழுகவிட்டுக் கோடு போடுவார். கோடு போடும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மழை பெய்து அழிந்துவிட்டால் மறுநாளும் அதே பொறுமையோடு போடுவார்.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே அம்மா, "எத்தனை பேர்?" என்று உள்ளிருந்து கேட்பார். அப்பா எண்ணிக்கையைச் சொன்ன பிறகுதான் களிக்கு மாவை அளப்பார். கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் இல்லாமல் எங்கள் வீட்டுக் கபடியை நினைத்துப் பார்க்கவே முடியாது. குடும்பத்துக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு ஒரு நேரம் என்று அவர் பிரித்து வாழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த முறை பழைய ஆட்டக்காரர்கள் ஒன்பது பேரும், இப்போது ஆடுகின்ற சிறுவர்களும் என்னோடு வந்தார்கள். அப்பாவின் முறைப்படியே முதலில் தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள அனுமன் தீர்த்தத்துக்குப் போனோம். இராவண வதத்துக்குப் பின் சிவபூசை செய்ய விரும்பிய இராமபிரான், காசிக்குச் சென்று கங்கை நீர் கொண்டுவருமாறு அனுமனைப் பணித்தார் என்றும், அனுமன் வருவதற்குள் பூசை வேளை நெருங்கிவிட்டதால் மலைமேல் அம்பு எய்து நீரை வரவழைத்தார் என்றும், காலம் கடந்து வந்த அனுமன் மனம் நொந்து எறிந்த கங்கை நீர் விழுந்த இடமே அனுமன் தீர்த்தம் என்றும் தலபுராணம் கூறுகிறது.

அரூர் வட்டாரத்தில் இந்தக் கதையை அறியாதவர்கள் இல்லை. ஆனால் மாவட்ட அணித் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைகளை ஆற்றங்கரையில் உட்கார வைத்து அப்பா அதைச் சொன்ன விதம் வேறு. "இராமர் காத்திருக்கவில்லை, பூசை நேரத்துக்கு நடந்துவிட்டது. ஆனாலும் மலை ஏற வருகிறவர்கள் முதலில் குளிப்பது பிந்தி வந்த அந்த நீரில்தான், பார்த்தீர்களா?" என்று சொல்லிவிட்டு, முதலில் அந்தப் பிள்ளைகளைத்தான் தண்ணீரில் இறங்கச் சொல்வார்.

அப்பாவின் கடைசி இரவில் நான் ஓசூரிலிருந்து கிளம்பினேன். வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட, நான் வீடு சேர்ந்தபோது அவர் போய் நாற்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. அந்த நாற்பது நிமிடங்களை ஓராண்டாக மனத்தில் சுமந்துகொண்டிருந்தேன். இந்த முறை ஆற்றங்கரையில் நான் ஒதுங்கி நின்றதைக் கண்ட பழைய ஆட்டக்காரர் ஒருவர், ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தொட்டு, "அண்ணா, நீங்கள் முதலில் இறங்குங்கள்" என்றார். கார்த்திகைத் தண்ணீர் குளிர்ந்திருந்தது. மூன்று முறை மூழ்கி எழுந்தேன்.

மலையேற்றம் செங்குத்தானது. கையிலிருப்பதைக் குரங்குகள் பறிக்காமல் பார்த்துக்கொண்டு ஏற வேண்டும். பிள்ளைகளை ஓடவிடாமல், பேசிக்கொண்டே ஒரே சீராக ஏற வைப்பார் அப்பா. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்பது அவர் விதி. "கபடி கபடி என்று பாடுகிறவனுக்கு மூச்சுதான் முதல்" என்பார். சிறுவர்கள் இப்போதும் அப்படியே ஏறினார்கள்.

மேலே வடிவாம்பிகை உடனுறை தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்தோம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் என்பதால், முருகன் சந்நிதியில் நின்று அப்பா பாடும் வழக்கம் உண்டு. அன்று பாட முயன்றேன். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. மீதியைக் கூட வந்தவர்கள் பாடி முடித்தார்கள்.

குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் எனப் பல தீர்த்தங்கள் அங்கு இருந்தாலும், உயரப் பாறையிலிருந்து சாரலாய் விழும் இராம தீர்த்தத்தின் கீழ்தான் எல்லாரும் நெடுநேரம் நிற்பார்கள். கோடையிலும் அது வற்றுவதில்லை என்பார்கள். அப்பா ஓரத்தில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்து, கடைசிப் பிள்ளையும் குளித்து வந்த பிறகே தாம் நனைவார். பிறகு, முழங்கால் வலியால் மலையேற முடியாத அம்மாவுக்காக ஒரு பித்தளைச் செம்பில் நீர் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, படியிறங்கும்போது ஒரு சொட்டும் சிந்தாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். அதே செம்பை நான் கொண்டுபோயிருந்தேன். விழுகின்ற நீரில் அதைப் பிடித்தபோது, அடியிலிருந்த பழைய நசுங்கலை என் விரல் உணர்ந்தது. ஒருமுறை படியில் கால் இடறியபோது செம்பைக் காப்பாற்ற அவர் முழங்கையைப் பாறையில் ஊன்றியும் ஏற்பட்டுவிட்ட நசுங்கல் அது.

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா செம்பை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, துணியை அவிழ்த்து ஒரு மிடறு குடித்தார். வாசலில் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அம்மா சிறிது நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எத்தனை பேர்?" என்றார்.

"இருபத்து மூன்று, அம்மா" என்றேன். அவர் மாவு அளக்க உள்ளே போனார்.