ஜொந்தார்ம் க்ருஷோவும் நாங்களும்

பிரான்சில் ஒரு வேலையிடத்தில் கொஞ்சக் காலம் நின்றுபிடித்த எவருக்கும் சிரிப்பு நடிகர் லூயி து ஃபுனேஸைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். குட்டை உருவம், முன்பக்கம் வழுக்கை, நொடிக்கு ஒன்றாய் மாறுகிற மூஞ்சி. கோடை வந்தால் ஏதாவது ஒரு சனலில் அவர் ஜொந்தார்ம் உடுப்போடு, அதாவது கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் பொலிஸ் வேலை பார்க்கிற படைவீரரின் உடுப்போடு, ஓடிக்கொண்டிருப்பார்.

எனக்கு முதலில் வந்து சேர்ந்தது படமல்ல, ஒரு பட்டப்பெயர். நான் கோப்பை கழுவிய றெஸ்ரோறன்றில் முதலாளி எங்களைப் பார்த்துக் கத்துவார். சுகாதாரப் பரிசோதகர் வாசலுக்கு வந்தால் அதே மனிதர் பாதி உயரமாகிவிடுவார். குரல் தேன், கை இரண்டும் நெஞ்சோடு. பரிசோதகர் போய்க் கதவு சாத்தியதும் மறுபடி கத்தல். ஒருநாள் பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த வயதான பிரெஞ்சுச் சமையற்காரர், தலை நிமிராமல், "க்ருஷோ" என்றார். சமையலறை முழுக்கக் குலுங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவரே ஒரு வீடியோ கசெற் கொண்டுவந்து தந்தார்.

'சென்-த்ரோப்பேயின் ஜொந்தார்ம்', 1964. ஆறு ஜொந்தார்ம் படங்களில் முதலாவது. இயக்கியவர் ஜான் ஜிரோ. படம் கறுப்பு வெள்ளையில் ஒரு மலைக்கிராமத்தில் தொடங்கும். து ஃபுனேஸ் நடிக்கிற ஜொந்தார்ம் லுடோவிக் க்ருஷோ பதவி உயர்வோடு மத்தியதரைக் கடலோர ஊரான சென்-த்ரோப்பேக்கு மாற்றலாகி வந்ததும் நிறம் வந்துவிடும். மகள் நிக்கோல் பணக்காரப் பெடியங்களிடம் தன் அப்பா அமெரிக்கக் கோடீஸ்வரர், சொந்தமாகச் சொகுசுப் படகு இருக்கிறது என்று அளந்துவிடுகிறாள். அதைக் காப்பாற்றப் போய் ஒரு சிவப்பு மஸ்டாங் கார், அதற்குள் களவுபோன ரெம்பிராண்ட் ஓவியம் என்று கதை ஓடும். கதையை விடுங்கள். பார்க்கவேண்டியது பொலிஸ் நிலையத்துக்குள் நடப்பது.

மேலதிகாரி ஜெர்பெராக மிஷெல் கலாப்ரு. கீழே நாலு பேர். ஜெர்பெர் கதைக்கும்போது க்ருஷோவின் குதிக்கால்கள் ஒட்டிக்கொள்ளும், உதடு புன்னகையில் இழுபடும், கண் அதிகாரியின் வாயையே பார்த்திருக்கும். ஜெர்பெர் திரும்பின அடுத்த கணம் அதே முகம் நாய்க்கடி முகமாகிக் கீழே நிற்பவர்கள் மேல் பாயும். இரண்டுக்கும் நடுவில் வெட்டு இல்லாமல், ஒரே முகத்தில் அதைச் செய்துகாட்டுவார் மனிதர். உடம்பை அப்படி வளைக்க எங்கள் நாகேஷுக்குத்தான் தெரியும். அன்றிரவு அந்தச் சமையலறைச் சிரிப்பு எனக்கு முழுசாக விளங்கியது. பதவிக்கும் படிநிலைக்கும் இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை, அதே அளவு எவ்வளவு நக்கல் என்று எந்தக் குடியேற்றக் கையேடும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

து ஃபுனேஸின் சொந்தக் கதையும் எனக்குப் பிடித்திருந்தது. அப்பா அம்மா ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது 1914-இல், பாரிஸுக்கு அருகே குர்புவாவில். பார்களில் இரவிரவாகப் பியானோ வாசித்துப் பிழைத்திருக்கிறார். பெரிய நட்சத்திரமானது கிட்டத்தட்ட ஐம்பது வயதில், இந்த ஜொந்தார்ம் படத்தோடுதான். இறந்தது 1983 ஜனவரி 27. அந்த வருடத்து ஆடிக்கலவரத்துக்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் பெருந்தொகையாக வெளிக்கிட்டார்கள். மயிரிழையில் தவறவிட்டுவிட்டோம்.

ஆனால் முதல்தரம் பார்த்தபோது நான் பெரிதாகச் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குச் சீருடை என்றால் சோதனைச்சாவடி. சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, கண்ணைத் தாழ்த்தி நடப்பது. இங்கேயும் அகதி வழக்கு முடியாமல், மெட்ரோ வாசலில் நீலச் சட்டை தெரிந்தால் அடுத்த வாசலைத் தேடுகிற காலம் அது. பொலிஸ்காரன் சேற்றில் விழுகிறான், கடற்கரையில் நிர்வாணக்காரர்களைத் துரத்திக் களைக்கிறான், கன்னியாஸ்திரி ஒருத்தி ஓட்டுகிற கார் வேகத்தில் நடுங்கி ஒடுங்குகிறான். ஒரு நாடே இதைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று அந்தரமாக இருந்தது. பத்து வருட வதிவிட அனுமதிக் கார்ட் கைக்கு வந்தபிறகு அதே கன்னியாஸ்திரிக் காட்சிக்கு வயிறு நோகச் சிரித்தேன். காட்சி மாறவில்லை!

பொலிஸ் வேறு, ஜொந்தார்ம் வேறு என்பதும் இந்தப் படங்களால்தான் மண்டையில் ஏறியது. நகரங்களில் பொலிஸ்; கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் ஜொந்தார்ம்கள். ஜொந்தார்ம்கள் படைவீரர்கள், 2009-இலிருந்து உள்துறை அமைச்சின் கீழ் வந்தாலும் இராணுவ அந்தஸ்து போகவில்லை. அதுதான் படத்தில் இவ்வளவு சல்யூட், இவ்வளவு அணிவகுப்பு. பிறகு கடைச் சாமான் வான் ஓட்டுகிற வேலையில் இருந்தபோது ஒரு கிராமத்து வளைவில் ஜொந்தார்ம் ஒருவர் மறித்தார். கண்ணாடியை இறக்கினேன். அவர் முதலில் செய்தது, கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய் எனக்கு ஒரு சல்யூட். பிறகுதான் "போன்ஜூர் முசியூ", பிறகுதான் பத்திரங்கள். சீருடை போட்ட ஒருவர் எனக்கு மரியாதை செய்த முதல் தடவை அது. லைசென்சைத் தேடின கை நடுங்கியது, ஆனால் பயத்தில் என்று சொல்லமாட்டேன்.

இந்தப் படங்களை அப்படியே தலையில் தூக்கிவைக்கவும் முடியாது. 1961 அக்டோபர் 17 இரவு பாரிஸில் அல்ஜீரியர்களின் ஊர்வலத்தை அடக்கிய பொலிஸ் பலரைக் கொன்றது. சிலரை செய்ன் ஆற்றில் தள்ளியது. மூன்று வருடத்துக்குள் திரைக்கு வந்த முதல் படத்தில் அதன் நிழல்கூட இல்லை. க்ருஷோவின் உலகத்தில் வெளிநாட்டுக்காரனிடம் யாரும் கார்ட் கேட்பதில்லை. 1968 மே மாதம் மாணவர்களும் பொலிசும் தெருவில் மோதினார்கள். அதே வருடம் அக்டோபரில் சனம் திரண்டுபோய் ஜொந்தார்மின் கல்யாணம் பற்றிய அடுத்த க்ருஷோ படத்தைப் பார்த்துச் சிரித்தது. இது மறதியா, ஆறுதலா? இரண்டும் கலந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பொலிசின் அழுக்கைக் காட்டிச் சிரிக்கவைத்த படம் வேண்டுமென்றால் குளோட் ஸிடியின் 'லே ரிப்பூ' இருக்கிறது, 1984. பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில் ஃபிலிப் நுவாரே கடை கடையாக ஏறி மாமூல் வாங்குவார். நேர்மையான புதுப் பையன் தியெரி லேர்மித் அதைப் பார்த்துப் பார்த்து மெல்லக் கெடுவார். நாங்கள் வெற்றிலையும் முருங்கைக்காயும் வாங்குகிற லாச்சப்பலுக்குப் பக்கத்துத் தெருக்கள்தான். சிறந்த படத்துக்கான பிரெஞ்சுத் திரைப்பட விருதான சேசாரும் அதற்குக் கிடைத்தது. எனக்குக் க்ருஷோவைவிட நுவாரேயைப் பிடிக்கும். வீட்டில் மகளோடு இதில் ஒத்துப்போவதே இல்லை.

புதிதாக வந்தவர்கள் கேட்டால் 1964 படத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பாதிப் பகிடி உடம்பில் நடப்பதால் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிறுசுகள் இருந்தால் 1979-இல் வந்த வேற்றுக்கிரகவாசிகள் படம். 1982-இல் வந்த ஆறாவது படத்தைப் படப்பிடிப்பு நடுவிலேயே இயக்குநர் ஜிரோ இறந்துபோக வேறொருவர் முடித்தார், து ஃபுனேஸின் கடைசிப் படமும் அதுதான். அதை எல்லாவற்றுக்கும் பிறகு பார்க்கலாம். சென்-த்ரோப்பே பக்கம் போனால் அந்தப் பழைய ஜொந்தார்ம் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். கோடையில் ஊர் நெருக்கித்தள்ளும், அதனால் ஜூன் தொடக்கத்திலோ செப்டம்பரிலோ போங்கள்.